தங்கச்சி வீட்டு முன்னறை

லதீசனுக்கு இந்த ஊரில் வீடு இல்லை என்று சொன்னால் கேட்கிறவர்கள் நம்பமாட்டார்கள். அவன் பிறந்த வீடு திருகோணமலை உட்துறைமுக வீதிக்குப் பின்னால் இருக்கிற ஒழுங்கையில் இப்போதும் நிற்கிறது. அவனுடைய தகப்பன் தம்பையா கட்டிய வீடு. தம்பையா எனக்கு ஒன்றுவிட்ட தம்பி. என் தாயும் அவருடைய தாயும் திரியாயில் ஒரே வளவில் பிறந்த அக்கா தங்கைகள். அந்த முறையில் லதீசனுக்கு நான் பெரியப்பா.

ஆனால் எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். தாயும் தகப்பனும் போன பிறகு லதீசன்தான் தங்கை சுதர்ஷினிக்கு மாப்பிள்ளை பார்த்தான். வீட்டை அவள் பேரில் எழுதிக் கொடுத்தான். ஆண்பிள்ளைக்கு வீடு அவன் கட்டப்போகிற பெண்ணோடு இருக்கிறது என்பது எங்கள் சனத்தின் கணக்கு. தம்பையாவும் அப்படி வந்தவர்தான். பெண்சாதியின் காணியில்தான் அந்த வீட்டைக் கட்டினார். ஆகவே லதீசன் தன் கலியாணம் ஆகும் மட்டும் என்று சொல்லி, தங்கச்சி வீட்டு முன்னறையில் ஒரு கட்டிலும் ஒரு சூட்கேசுமாக இருந்தான். இன்றைக்கு நாளைக்கு என்று அந்த இருப்பு நீண்டுபோய், தங்கையின் மகள் பெரிய வகுப்புக்குப் போகிற அளவுக்கு வளர்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு சம்பந்தம் சரிவந்தது. போகிற வீடு கனடாவில் இருந்ததுதான் வில்லங்கம்.

பெண் தனுஷிகா, கோணேஸ்வரியின் தங்கை மகள். கோணேஸ்வரியின் வீடு மூதூர்ப் படகுகள் வந்து கட்டுகிற துறைக்குக் கிட்ட இருக்கிறது. கோணேஸ்வரியின் தாய்க்கு இரண்டே பெண்கள். மூத்தவள் கோணேஸ்வரி இங்கே நின்றாள். இளையவள் சண்டைக் காலத்தில் புருஷனோடும் கைக்குழந்தையோடும் கனடாவுக்குப் போனாள். போனவள் திரும்பி வரவில்லை, அங்கேயே கண்ணை மூடினாள். அந்தக் கைக்குழந்தைதான் தனுஷிகா. அங்கே முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. முன்பு பேசிய ஒரு சம்பந்தம் குழம்பி, அதற்குப் பிறகு கலியாணப் பேச்சையே வேண்டாம் என்று இருந்தவள். பெரியம்மாவைப் பார்க்க வந்த இடத்தில் லதீசனைக் கண்டாள்.

கண்ட அன்று அவள் கேட்ட முதல் கேள்வியை லதீசன் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறான்.

"உங்களுக்குக் குளிர் தாங்குமோ?"

"ஐஸ் பெட்டிக்குள்ள மீன் அடுக்கி வளந்தனான்," என்றானாம் இவன்.

அவள் சிரித்துவிட்டாள். அதோடு முடிந்தது பெண் பார்த்தது.

அவள் அவனைக் கனடாவுக்குக் கூப்பிடுகிற ஸ்பொன்சர் அலுவலுக்குக் கலியாணப் பதிவு வேண்டும் என்றபடியால் எழுத்தை முதலில் வைத்தார்கள். எங்களுக்கு அது புதிதில்லை. எழுத்து ஒரு நாள், தாலி வேறொரு நாள். கோணேஸ்வரி வீட்டு முன்கூடத்தில் பதிவுகாரர் கதிரையில் இருந்து புத்தகத்தை விரித்தார். இரண்டு பேரும் கையெழுத்து வைத்தார்கள். வந்தவர்களுக்குப் பலகாரமும் தேத்தண்ணியும் கொடுத்தார்கள். அந்த மாதக் கடைசியில் தாலிக்கு நாள் வைத்திருந்தது.

எழுத்து முடிந்து ஒரு கிழமை போகவில்லை, கோணேஸ்வரியின் புருஷன் தாமோதரம் தோணியில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரி வாசலுக்குக்கூட உயிரோடு போகவில்லை.

செத்தவீடு விழுந்த வீட்டில் ஆண்டுத்திவசம் முடியாமல் தாலி கட்டுவது எப்படி? அதுவும் தாய்க்குத் தாயாக நிற்க வேண்டியவள் கோணேஸ்வரி. ஒருவரும் ஒருவரையும் கேட்கவில்லை. நாள் தானாகத் தள்ளிப்போனது.

தனுஷிகாவின் லீவு முடிகிற மட்டும் லதீசன் பின்னேரம் பின்னேரம் அந்த வீட்டுக்குப் போனான். வாசலோடு போட்டிருந்த கதிரையில் இருந்தான். அவள் எதிரே இருந்தாள். சுற்றிவரச் செத்தவீட்டுக்கு வந்த சனம். தேத்தண்ணி குடித்தான், விளக்கு வைக்க முதல் எழும்பி வந்தான். ஒரு நாளும் அங்கே தங்கவில்லை. தாலி ஏறாமல் எப்படித் தங்குவது? துக்க வீட்டில் படம் எடுக்கவும் ஒருவருக்கும் மனம் வரவில்லை. அவள் போகிற அன்று விமான நிலையத்துக்குப் போகிற வானுக்குப் பக்கத்தில் நின்று, "குளிருக்கு ஒரு ஜக்கற் வாங்கி அனுப்புறன்," என்றாள். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு காத்திருப்பு.

லதீசன் போட் எஞ்சின் திருத்துகிறவன். படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டில், அதுதான் அவனுடைய பட்டறை. மண்ணெண்ணெய் இல்லாமல் போட்டுகள் எல்லாம் கரையில் கிடந்த வருஷத்திலும் அவனுக்கு வேலை இருந்தது. அத்தனை நம்பிக்கை அவன் கையில். கனடாவுக்குப் பேப்பர் போட்ட பிறகு அவன் ஒரு பழக்கம் பிடித்தான். சின்ன வேலையாக இருந்தால் எடுப்பான். எஞ்சினை முழுதாகப் பிரிக்க வேண்டும், சாமான் கொழும்பிலிருந்து வரவேண்டும் என்றால் கையெடுத்துக் கும்பிடுவான்.

"விசா வந்திட்டா இடையில விட்டிட்டுப் போகவேணும். பிறகு ஆர் பூட்டுறது?"

மூதூர்ப் படகு ஓட்டுகிற றுவைஸ் கிண்ணியாக்காரன், லதீசனுக்குச் சின்ன வயதுக் கூட்டாளி. அவன் விடமாட்டான்.

"என்ன மச்சான், கனடாவில இருந்து பிளேன் வெளிக்கிட்டிட்டா? இல்லாட்டி அதுக்கும் எஞ்சின் பழுதா?"

"வாயை மூடடா."

"நீ போய்த் திருத்திக் குடுத்தாத்தான் அது வரும் போல."

எல்லாரும் சிரிப்பார்கள். லதீசனும் சிரிப்பான். முதல் சில மாதங்கள் உண்மையாகச் சிரித்தான். பிறகு பல்லை மட்டும் காட்டினான்.

விடிய அவன் பல் தேய்க்கிற நேரத்தில் அவளுக்கு அங்கே வேலை முடியும். அந்த நேரத்தில் போன் வரும். இரண்டு பேரும் என்ன கதைப்பார்கள் என்று சுதர்ஷினியிடம் கேட்டேன். "என்னத்தைக் கதைக்கிறது பெரியப்பா? இண்டைக்கு என்ன சாப்பாடு எண்டு அவள் கேப்பாள். பாண் எண்டு இவர் சொல்லுவார். பேப்பர் என்னமாதிரி எண்டு இவர் கேப்பார். தெரியாது எண்டு அவள் சொல்லுவாள்," என்றாள். சொன்ன ஜக்கற் வந்தது. தடித்த நீலத் துணி. திருகோணமலை வெயிலில் அதைப் பார்த்தாலே வியர்க்கும். அவன் அதைச் சூட்கேசுக்கு மேலே மடித்து வைத்திருந்தான்.

அந்த வருஷம் மழை தொடங்குகிற நேரம் கொழும்பில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். தங்கையின் புருஷன் கஜீபன் தன் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டுபோய் பஸ்ஸில் விட்டான். திரும்பி வந்து என்ன நடந்தது என்று லதீசன் பட்டறையில் வைத்துச் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

கேள்வி கேட்டவர் வெள்ளைக்காரர். பக்கத்தில் தமிழில் சொல்ல ஒரு பிள்ளை. மரியாதையாகத்தான் கேட்டார்கள்.

"திருமணத்துக்குப் பிறகு நீங்கள் எங்கே தங்கினீர்கள்?"

"என்ர தங்கச்சி வீட்டில."

"உங்கள் மனைவி?"

"அவ தன்ர பெரியம்மா வீட்டில."

"இரண்டு வீடும் எவ்வளவு தூரம்?"

"கூப்பிட்டாக் கேக்கும்."

அந்தப் பிள்ளை அதைச் சொன்னதும் வெள்ளைக்காரர் பேனையைக் கீழே வைத்தாராம்.

"ஒரு இரவுகூட ஒன்றாகத் தங்கவில்லையா? ஏன்?"

"தாலி கட்டேல்லையே."

"ஆனால் உங்களுக்குத் திருமணம் முடிந்துவிட்டது என்று பதிவு இருக்கிறதே?"

"ஓம், எழுத்து முடிஞ்சது. ஆனா எங்கட சனத்துக்கு அது காணாது."

போதாது என்ற அந்த ஒரு சொல்லை அவர் எழுதிக்கொண்டாராம். அதற்குப் பிறகு கேட்ட கேள்விகள் எதுவும் அவன் நினைவில் இல்லை.

மறுமொழி வந்தது. இது உண்மையான கலியாணம் என்று தங்களுக்குத் திருப்தி இல்லை, விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது என்று இருந்தது. கலியாணத்தை மெய்யாக மதித்து ஒதுங்கி இருந்தவனுடைய கலியாணத்தைப் பொய் என்று சொல்லிவிட்டார்கள். அவர்களையும் என்ன சொல்வது? கொழும்பில் ஒரு மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிற மனிசனுக்கு எங்கள் ஒழுங்கை எப்படித் தெரியும்?

கரையில் ஏச்சு விழுந்தது. றுவைஸ்தான் முதலில்.

"டேய், ஒண்டாத்தான் இருந்தம் எண்டு ஒரு சொல்லுச் சொன்னா உன்ர வாய் வெந்திடுமா?"

"இருக்கேல்லையே."

"ஆர் பாத்தது?"

"ஆரும் பாக்கத் தேவையில்லை. தாலி ஏறமுதல் அவள் என்னோட தங்கினவள் எண்டு முன்பின் தெரியாத மனிசருக்கு முன்னால அவளின்ர பேரை நான் எப்பிடிச் சொல்லுறது?"

றுவைஸ், "நீ மனிசன்டா. ஆனா விசா மனிசருக்குக் குடுக்கிற சாமான் இல்ல," என்று சொல்லிவிட்டுப் படகுக்குப் போனான்.

தனுஷிகா போனில் அழவில்லை என்று சுதர்ஷினி சொன்னாள். "நான் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பன்," என்றாளாம். பிறகு இரண்டு பேரும் வழக்கம்போலச் சாப்பாட்டைப் பற்றிக் கதைத்தார்களாம்.

கெட்ட செய்தி தனியாக வராது என்பார்கள். நல்ல செய்தியும் சிலவேளை தப்பான நேரத்தில்தான் வரும். அந்தக் கிழமைதான் சுதர்ஷினியின் மகள் பெரியபிள்ளையானாள். வீட்டில் இருப்பது இரண்டு அறை, ஒரு குசினி. பிள்ளையைத் தனியாக வைக்க அறை வேண்டும். சுதர்ஷினி தமையன் முகத்தைப் பார்க்காமல் குசினிக்கும் முற்றத்துக்குமாக நடந்தாள். லதீசன் கட்டிலை நிமிர்த்தினான், சூட்கேசை எடுத்தான், அதற்கு மேல் அந்த நீல ஜக்கற்றை வைத்தான்.

கஜீபன் வாசலில் வந்து மறித்தான்.

"மச்சான், எங்க வெளிக்கிடுறியள்? இது உங்கட அப்பா கட்டின வீடு."

"ஓம், கட்டினவர். எழுதினது நான். இப்ப உங்கட வீடு, மச்சான்."

"ஆரும் உங்களைப் போகச் சொன்னதோ?"

"ஆரும் சொல்லேல்ல. அதாலதான் போறன். சொன்ன பிறகு போனா உங்களுக்கும் வெக்கம், எனக்கும் வெக்கம்."

கஜீபன் நல்லவன். சூட்கேசைத் தானே வாங்கி ஓட்டோவில் வைத்துப் பட்டறையில் இறக்கினான். அங்கே எண்ணெய் நாற்றத்துக்கு நடுவில் லதீசன் கட்டிலைப் போட்டான்.

பிள்ளைக்குத் தண்ணீர் வார்க்கிற அன்று தாய்மாமனாக லதீசன் முன்னுக்கு நின்றான். சேலை, உளுந்து, முட்டை, நல்லெண்ணெய் எல்லாம் ஒரு குறையும் இல்லாமல் கொண்டுவந்தான். மாமனுக்குப் பக்கத்தில் மாமி நின்று வார்க்க வேண்டும். மாமியின் இடம் காலி.

"மாமிக்காரி எங்க?" என்று ஒரு கிழவி தெரிந்துகொண்டே கேட்டாள்.

"கனடாவில," என்றாள் இன்னொருத்தி.

"எழுத்தோட நிக்கிற மாமியோ? அவள் இஞ்ச இருந்தாலும் முறைக்கு நிக்க ஏலாதே."

லதீசன் குடத்தைத் தூக்கினான். கொழும்பில் கலியாணம் முடிந்ததை நம்பவில்லை. இங்கே கலியாணம் முடியவில்லை என்றார்கள். இரண்டுக்கும் நடுவில் அந்த மனிசன் தண்ணீர் வார்த்தான். கடைசியில் கோணேஸ்வரி, விதவை என்று பின்னுக்கு ஒதுங்கி நின்றவள், தன் மூத்த மகனின் மனைவியைப் பிடித்து முன்னே தள்ளி அந்த இடத்தை நிரப்பினாள்.

தாமோதரத்தின் ஆண்டுத்திவசம் தையில் முடிந்தது. வைகாசியில் தனுஷிகா வந்தாள். பிள்ளையார் கோயிலில், கூட்டம் சேர்க்காமல், தாலி ஏறியது. இந்த முறை படம் எடுக்க இரண்டு பேரை வைத்திருந்தார்கள். கஜீபன் ஒரு பக்கம் நின்று, "மச்சான், கிட்ட நில்லுங்கோ, இன்னும் கிட்ட! வெள்ளைக்காரனுக்கு விளங்கவேணும்," என்று கத்தினான். ஐயரே சிரித்துவிட்டார்.

தாலி ஏறியதும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போவான். லதீசனும் தனுஷிகாவும் கோணேஸ்வரி வீட்டுக்குப் போனார்கள். தாமோதரம் இருந்த அறையை அவள் வெள்ளையடித்து வைத்திருந்தாள். இருந்த லீவு அங்கேயே போயிற்று. பகலில் தனுஷிகா பட்டறைக்குச் சோறு கொண்டுவருவாள். றுவைஸ் படகிலிருந்தே கத்துவான்: "மச்சாள், இந்த மனிசனைப் பெட்டிக்குள்ள வச்சு அனுப்ப ஏலாதா? விசா தேவையில்ல!" அவள் திருப்பிக் கத்துவாள்: "பெட்டி காணாது, அண்ணன். வயிறு வைச்சிட்டுது!"

பிறகு அவள் போனாள். புதுப் பேப்பர்களோடு போனாள்.

அன்று பின்னேரம் லதீசன் வான் போன பாதையிலிருந்து நேராக அறைக்குள் போய்ச் சூட்கேசை மூடினான். முற்றத்தில் கோணேஸ்வரி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நானும் அங்கேதான் இருந்தேன்.

"தம்பி, பெட்டியோட எங்க போறியள்?"

"பட்டறைக்கு, மாமி. அவள்தான் போயிட்டாளே. நான் இஞ்ச என்ன முறையில இருக்கிறது?"

கோணேஸ்வரி கையைக் கழுவவில்லை. செதில் ஒட்டிய கையோடு எழும்பினாள்.

"நல்ல கதை. இந்த வீடு ஆற்ற? என்ர அம்மான்ர. அவவுக்கு நாங்கள் ரெண்டு பெட்டையள். நான் என்ர பாதியில இருந்தனான். தங்கச்சி தன்ர பாதியைக் கேக்காமலே போயிட்டாள். எனக்குப் பெட்டைப் பிள்ளையும் இல்லை. பெடியள் ரெண்டு பேரும் தங்கட பெஞ்சாதிமாற்ற வீட்டில இருக்கிறாங்கள். அப்ப இது இனி ஆற்ற வீடு?"

லதீசன் என்னைப் பார்த்தான். அவள் சொன்ன முறையில் ஒரு பிழையும் இல்லை.

"தனுஷிகாவின்ர," என்றேன்.

"கேட்டியளோ? பெண்டில் வீட்டில புருஷன் இருக்கிறதுக்கு ஆரும் முறை கேக்கிறதோ? அவள் வேலைக்குப் போயிருக்கிறாள். சிலபேர் கொழும்புக்குப் போவினம், சிலபேர் கனடாவுக்குப் போவினம். பெட்டியைக் கொண்டுபோய் உள்ளுக்கு வையுங்கோ. வச்சிட்டு வந்து இந்தத் தேங்காயைத் துருவித் தாங்கோ."

அவன் வைத்தான். வந்து துருவினான். அன்றையிலிருந்து லதீசன் அந்த வீட்டில்தான். காலையில் போன் வரும். இப்போது கோணேஸ்வரியும் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்து, "உன்ர மனிசன் தலைக்கு எண்ணெய் வைக்கிறேல்ல, சொல்லு," என்று முறைப்பாடு சொல்வாள்.

இந்த வருஷம் மறுபடியும் கொழும்புக்குக் கூப்பிட்டார்கள். வேறு அதிகாரி, வேறு பிள்ளை. கேள்வி மட்டும் பழையதுதான்.

"நீங்கள் இப்போது எங்கே வசிக்கிறீர்கள்?"

"பெஞ்சாதி வீட்டில."

"உங்கள் மனைவி கனடாவில் அல்லவா இருக்கிறார்?"

"ஓம். அவ அங்க. நான் வீட்டில."

அந்தப் பிள்ளை அதைச் சொன்னபோது அதிகாரி தலையை நிமிர்த்திப் பார்த்தாராம். கோபமா, சிரிப்பா என்று இவனுக்குத் தெரியவில்லை. படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாராம். அறிவிப்போம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இன்னும் அறிவிக்கவில்லை.

கோணேஸ்வரி வீட்டுப் பின்பக்கத்தில் தாமோதரத்தின் எஞ்சின் சாக்கால் மூடிக் கிடந்தது. அவர் போன நாளிலிருந்து ஒருவரும் தொடவில்லை. உப்புப் பிடித்து உள்ளே எல்லாம் இறுகிப்போயிருந்தது. போன கிழமை ஒரு நாள் லதீசன் சாக்கை இழுத்தெறிந்துவிட்டு, முற்றத்தில் பாயை விரித்து, ஒவ்வொரு துண்டாகக் கழற்றிப் பரப்பத் தொடங்கினான். றுவைஸ் படகைக் கட்டிவிட்டு அந்த வழியால் வந்தவன் வேலியால் எட்டிப் பார்த்தான்.

"என்னடா இது? முழுசாப் பிரிச்சிட்டாய். இதுக்குச் சாமான் எடுக்கிறதுக்கே மாசக்கணக்காகுமே."

"ஆகும்."

"அதுக்குள்ள விசா வந்திட்டா?"

லதீசன் ஒரு நட்டை எண்ணெயில் போட்டான்.

"வந்தா நிக்கச் சொல்லு. நான் எத்தினை நாள் நிண்டனான்?"

உள்ளேயிருந்து கோணேஸ்வரி, "தேத்தண்ணி ஆறுது," என்று கூப்பிட்டாள். அவன் உடனே எழும்பவில்லை. கையில் இருந்த துண்டு கழலும் மட்டும் இருந்து, கழற்றிப் பாயில் வைத்துவிட்டுத்தான் போனான்.